ஏர் டூல்களுக்கு எந்த ஆயில் விடுவது? இம்பாக்ட் கன், டை கிரைண்டர், ராட்செட், ஏர் சிசல்

பட்டறைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை கரண்டில் ஓடும் டூல்களை வைத்தே வேலை பார்த்துவந்தேன், இப்போது கம்ப்ரஸர் போட்டு ஒவ்வொன்றாகக் காற்றில் ஓடும் டூல்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். நட்டைத் தட்டித் தட்டிக் கழற்றும் அரை இன்ச் இம்பாக்ட் கன், உலோகத்தைத் தேய்க்கும் ஒரு டை கிரைண்டர், போல்ட் திருப்பும் ஒரு ராட்செட், உளி போல அடிக்கும் ஒரு ஏர் சிசல், இவ்வளவுதான் இப்போதைக்கு.

எல்லாக் கையேட்டிலும் "தினமும் ஏர் டூல் ஆயில் விடவும்" என்று போட்டிருக்கிறது. எந்த ஆயில், எவ்வளவு கெட்டி என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. டை கிரைண்டரோடு வந்த தாளில் மட்டும் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 22 என்றும், இம்பாக்ட் கன் தாளில் வி.ஜி. 32 என்றும் இருக்கிறது. விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இன்ஜின் ஆயிலே போதும் என்கிறார் ஒருவர், ஹைட்ராலிக் ஆயில்தான் சரி என்கிறார் இன்னொருவர், பவர் ஸ்டியரிங்கில் ஊற்றும் ஏ.டி.எஃப். நல்லது என்று ஒரு கட்சி, தையல் மிஷின் ஆயில் என்று ஒரு கட்சி. என்னிடம் கம்ப்ரஸருக்கு வாங்கிய ஆயில் அரை கேன் மீதம் இருக்கிறது, அதையே விட்டால் என்ன என்ற யோசனையும் ஓடுகிறது.

எல்லா டூலுக்கும் ஒரே ஆயில் வைத்துக்கொள்ள முடியுமா? அந்த 22, 32 என்ற எண்ணுக்கு உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறதா, அல்லது மெல்லிய ஆயில் எதுவானாலும் ஓடுமா? அனுபவப்பட்டவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும், காரணம் தெரிந்தால் அடுத்த டூல் வாங்கும்போது நானே முடிவு செய்துகொள்வேன்.

ரோட்டார்:

காரணத்தோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் டூலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இம்பாக்ட் கன், கிரைண்டர், ராட்செட் மூன்றிலும் மோட்டார் ஒரே வகைதான். ஒரு சிலிண்டர், அதற்குள் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் ரோட்டார், ரோட்டாரில் நீளவாக்கில் வெட்டிய காடிகள், ஒவ்வொரு காடியிலும் ஒரு வேன். இந்த வேன் பெரும்பாலும் இரும்பு கிடையாது, ரெசினில் ஊறிய நாரால் செய்த மெல்லிய பட்டை. ரோட்டார் சுற்றும்போது வேன் வெளியே தள்ளப்பட்டுச் சிலிண்டர் சுவரை உரசிக்கொண்டே போகும், மறுபக்கம் வந்ததும் காடிக்குள் திரும்பிப் போகும். ஒரு சுற்றுக்கு ஒரு முறை வெளியே, ஒரு முறை உள்ளே. நிமிடத்துக்கு 25,000 சுற்று ஓடும் டை கிரைண்டரில் ஒரு வேன் நொடிக்கு 400 தடவைக்கு மேல் இப்படிப் போய் வருகிறது.

அந்தக் காடிக்குள் கெட்டியான ஆயில் இருந்தால் வேன் நேரத்துக்கு வெளியே வராது. வராவிட்டால் காற்று அதைத் தாண்டிக் கசிந்து போய்விடும், டூலுக்கு வேகமும் இல்லை, முறுக்கும் இல்லை. ஆயிலே இல்லாவிட்டால் வேனின் விளிம்பும் சிலிண்டரும் தேயும், அப்போதும் காற்று கசியும். ஆக, ஆயிலுக்கு இங்கே இரண்டு வேலை: உராய்வைக் குறைப்பது, வேன் நுனிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கை மெல்லிய படலமாக அடைப்பது. அதற்கு மெலிந்த ஆயில்தான் வேண்டும், ஆனால் தண்ணீர் மாதிரி ஓடிப்போகவும் கூடாது.

இப்போது எண்ணுக்கு வருவோம். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 என்றால் 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பிசுபிசுப்பு 32 சென்டிஸ்டோக்ஸ், பத்து சதவீதம் முன்னே பின்னே. எண் சிறிதானால் ஆயில் மெலிது. காற்று டூல்களுக்குச் சாதாரணமாகச் சொல்லப்படுவது 10 முதல் 32 வரை. சுற்று அதிகமான சின்ன கிரைண்டருக்கு 10, 15, 22 பக்கம், இம்பாக்ட் கன் மாதிரி அடித்து வேலை செய்வதற்கு 22 அல்லது 32. உங்கள் கையேடுகளில் இருப்பது சரியாகத்தான் இருக்கிறது.

இன்ஜின் ஆயில் ஏன் வேண்டாம் என்பதும் இங்கேதான் புரியும். 15டபிள்யூ-40 ஆயிலை 40 டிகிரியில் அளந்தால் 100 சென்டிஸ்டோக்ஸைத் தாண்டிவிடும். இன்ஜினுக்குள் ஆயில் 90, 100 டிகிரிக்குச் சூடாவதால் அங்கே அது மெலிந்து ஒழுங்காக வேலை செய்கிறது. காற்று மோட்டாரில் நடப்பது நேர் எதிர். அழுத்தத்தில் இருந்த காற்று விரிந்து வெளியேறும்போது குளிர்கிறது. கிரைண்டரைத் தொடர்ந்து ஓட்டிவிட்டு எக்ஸாஸ்ட் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். ஆக, ஆயில் வேலை செய்யும் இடத்தில் 40 டிகிரிகூட இருக்காது. 32 நம்பர் ஆயிலே 20 டிகிரிக்கு வந்தால் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாகிவிடும் என்றால், இன்ஜின் ஆயிலின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். அதோடு இன்ஜின் ஆயிலில் அழுக்கைத் தன்னோடு சுமந்துகொள்ளும் டிடர்ஜென்ட் சேர்த்திருப்பார்கள். இன்ஜினில் ஃபில்டர் இருக்கிறது, ஆயில் மாற்றும் வழக்கம் இருக்கிறது. டூலில் இரண்டும் இல்லை. அங்கே ஈரமும் தூசியும் அதோடு சேர்ந்து காடிக்குள் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு இடத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இன்ஜின் ஆயிலுக்கான எஸ்.ஏ.இ. கணக்கில் 10டபிள்யூ என்று ஒற்றை எண்ணாக எழுதியிருந்தால் அது ஏறக்குறைய வி.ஜி. 32. ஆனால் 10டபிள்யூ-30 என்பது அது அல்ல, 40 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டி. "10டபிள்யூ தானே" என்று கேனைத் தூக்கிவராதீர்கள்.

கம்ப்ரஸர் ஆயில் பாதி கேன் இருக்கிறது என்றீர்களே, அதன் லேபிளைப் பாருங்கள். பிஸ்டன் கம்ப்ரஸருக்கு வருவது பெரும்பாலும் 68 அல்லது 100. டூலுக்கு அது கெட்டி. அதைக் கம்ப்ரஸருக்கே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போடுவதும் கூடாது, டூல் ஆயிலைக் கம்ப்ரஸர் கிராங்க்கேஸில் ஊற்றினால் அந்தச் சூட்டுக்கும் பாரத்துக்கும் அது தாங்காது.

ஒரே ஆயில் வேண்டுமென்றால் ஏர் டூல் ஆயில் என்றே விற்கும் வி.ஜி. 22 ஒரு பாட்டில் வாங்குங்கள், நான்கு டூலுக்கும் அதுவே போதும்.

டயர்கடை:

ரோட்டார் அண்ணா சொன்னதில் பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஹைட்ராலிக் ஆயிலை அவர் பேசவே இல்லை. எங்கள் கடையில் நாள் முழுக்க இம்பாக்ட் கன் ஓடும், லாரி டயருக்கு ஒரு இன்ச் கன், காருக்கு அரை இன்ச். பல வருடமாக ஹைட்ராலிக் 32தான் விடுகிறோம். பிசுபிசுப்பு அதே 32, தேய்மானத்தைத் தடுக்கும் மருந்தும் துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் இருக்கிறது, பெரிய கேனாக எங்கேயும் கிடைக்கும். கன்கள் நன்றாகத்தான் ஓடுகின்றன. தனியாக ஏர் டூல் ஆயில் என்று சின்ன பாட்டிலைத் தேடி அலைய வேண்டுமா என்பது என் கேள்வி.

எந்த ஆயில் என்பதைவிட, ஆயில் விடுகிறோமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. வேலைக்கு வரும் பையன்கள் காலையில் நாலு சொட்டு விடாமல் கன்னை மாட்டிவிடுவார்கள், அதில் கெட்ட கன்கள்தான் அதிகம்.

ரோட்டார்:

டயர்கடை, நீங்கள் சொல்வது நியாயம். ஆயிலே விடாமல் ஓட்டுவதைவிட ஹைட்ராலிக் 32 ஆயிரம் மடங்கு மேல், மாற்றாக எடுக்க வேண்டிய நிலை வந்தால் நானும் முதலில் அதைத்தான் எடுப்பேன். ஆனால் இரண்டு வித்தியாசம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு விடுவது நல்லது.

ஒன்று, தண்ணீர். ஹைட்ராலிக் ஆயில் தண்ணீரைத் தன்னிடமிருந்து பிரித்து ஒதுக்கும்படி தயாரிக்கப்படுகிறது, ஏனென்றால் அங்கே தண்ணீர் டேங்கின் அடியில் தங்க வேண்டும், அதை வடித்து எடுக்க வேண்டும். டூலுக்குள் தங்குவதற்கு டேங்க் இல்லை. பிரிந்த தண்ணீர்த் துளி நேராக பேரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் போய் உட்காரும். ஏர் டூல் ஆயில்களில் பலவற்றை ஈரத்தைக் கொஞ்சம் தன்னோடு கலந்துகொண்டு, உலோகத்தின் மேல் படலம் விடாமல் ஒட்டியிருக்கும்படி தயாரிக்கிறார்கள். நாள் முழுக்க ஓடும் உங்கள் கடையில் தண்ணீர் தங்க நேரமில்லை, அதனால் வித்தியாசம் தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் எடுத்துவிட்டு மற்ற நாள் அலமாரியில் வைப்பவருக்குத் தெரியும்.

இரண்டு, புகை. டூலில் விட்ட ஆயில் முழுவதும் கடைசியில் எக்ஸாஸ்ட் வழியாக மூடுபனி போல வெளியே வருகிறது, பிடித்திருப்பவர் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார். மினரல் ஆயில் மூடுபனிக்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வைத்திருக்கும் வரம்பு, 8 மணி நேர வேலைக்கு ஒரு கனமீட்டர் காற்றில் சராசரி 5 மில்லிகிராம். ஹைட்ராலிக் ஆயிலும் ஏ.டி.எஃப்.பும் மூடிய சிஸ்டத்துக்குள் சுற்றிவருவதற்காகச் செய்தவை, துத்தநாகக் கூட்டுப்பொருள் முதல் பல மருந்துகள் அதில் உண்டு. அதை நாள் முழுக்க முகத்துக்கு நேரே தூவிக்கொள்ள நான் விரும்ப மாட்டேன். நாலு சொட்டுதான் என்று நினைக்கலாம், ஆனால் மூடிய அறையில் மூன்று கன் ஓடினால் வாசனையே சொல்லிவிடும்.

ஏ.டி.எஃப். பற்றி இன்னொரு வார்த்தை. அதன் பிசுபிசுப்பு பலவற்றில் 30, 35 அளவில் இருப்பதால்தான் அந்தக் கட்சி உருவானது. சிக்கிய டூலை ஒரு தரம் சுத்தப்படுத்த விடுகிறவர்கள் உண்டு, அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தையல் மிஷின் ஆயில் மெலிதுதான், பிசினும் கட்டாது, அவசரத்துக்கு ஆபத்தில்லை, ஆனால் ஈரத்துக்கு எதிராக அதில் பெரிதாக ஒன்றும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஸ்பிண்டில் ஆயில் 10 அல்லது 22 கிடைத்தால் அது இவற்றையெல்லாம்விட மேல்.

சமையலறை எண்ணெய் எதையும் விடவே வேண்டாம். காற்று பட்டால் அது இறுகி வார்னிஷ் மாதிரி ஆகிவிடும்.

மில்லிங்:

துருவை இளக்கும் ஸ்ப்ரேயை டூலுக்குள் அடிப்பதையும் பார்த்திருக்கிறேன், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். அதில் பெரும்பங்கு கரைப்பான். அடித்தவுடன் டூல் பறக்கும், எல்லோரும் ஆஹா என்பார்கள். கரைப்பான் ஆவியாகும்போது பழைய ஆயிலையும் கழுவிக்கொண்டு போயிருக்கும், அதன்பின் வேன் காய்ந்து ஓடும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவதும் இதே கதைதான், கூடவே தீ அபாயம். கிரைண்டரில் பொறி பறக்கும் இடத்தில் எக்ஸாஸ்டிலிருந்து எரியக்கூடிய ஆவி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அபாயம் என்றதும் இதையும் சொல்லவேண்டும். கம்ப்ரஸர் ரிப்பேர் என்று கேஸ் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரில் டூலை மாட்டி ஓட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆயில் பட்ட டூலுக்குள் அழுத்தமான ஆக்ஸிஜன் போனால் தானாகவே தீப்பிடித்து வெடிக்கும். வேலை நின்றாலும் பரவாயில்லை, அதைச் செய்யவே கூடாது.

பட்டறைக்குருவி:

ரொம்ப நன்றி. வேன் போய்வரும் கணக்கைப் படித்த பிறகு ஏன் மெலிந்த ஆயில் என்பது மண்டையில் ஏறிவிட்டது. வி.ஜி. 22 ஏர் டூல் ஆயிலே வாங்கிவிடுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். டை கிரைண்டர் பழையது, ஒருவரிடமிருந்து வாங்கியது. ட்ரிகரை அழுத்தினால் சில சமயம் காற்று மட்டும் சீறுகிறது, ஸ்பிண்டில் சுற்றவில்லை. கையால் லேசாகத் திருப்பிவிட்டால் ஓட ஆரம்பிக்கிறது. எக்ஸாஸ்டில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தேன், பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. இது ஆயில் குறைவா, வேறு ஏதாவதா?

அடுத்தது, இம்பாக்ட் கன்னில் சுத்தியல் மாதிரி அடிக்கும் பகுதி இருக்கிறதே, காற்று நுழையும் துளையில் விடும் ஆயில் அங்கேயும் போகுமா?

மில்லிங்:

பழுப்புப் புள்ளி என்றால் துரு கலந்த தண்ணீர். ஸ்பிண்டில் சில சமயம் மட்டும் சிக்குவது வேன் காடிக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதால். ரோட்டார் நின்ற இடத்தில் வெளியே வந்திருக்க வேண்டிய வேன் உள்ளேயே மாட்டிக்கொண்டால் தள்ளுவதற்குக் காற்றுக்கு ஒரு சுவர் கிடைக்காது, சீறிக்கொண்டு வெளியே போய்விடும். கையால் திருப்பினால் அடுத்த வேன் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது, அதனால் ஓடுகிறது.

முதலில் ஹோஸைக் கழற்றிவிடுங்கள், இது முக்கியம். துளையில் ஏர் டூல் ஆயில் பத்து சொட்டு தாராளமாக விட்டு ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி ஸ்பிண்டிலைக் கையால் இரண்டு பக்கமும் திருப்புங்கள். ஓரிரவு அப்படியே வையுங்கள். மறுநாள் எக்ஸாஸ்டைத் துணியால் மூடிக்கொண்டு, அழுத்தம் குறைத்து ஓட்டுங்கள். கறுப்பாக, பழுப்பாக நிறைய வரும். துணி சுத்தமாகும்வரை ஆயில் விட்டு ஓட்டுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பிரிக்க வேண்டியதுதான். பிரித்தால் வேனை எடுத்துக் காடியைத் துடைத்துவிட்டு, காடியில் போட்ட வேன் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் இன்னும் பிசின் இருக்கிறது. வேனின் விளிம்பு பிய்ந்திருந்தாலோ ஓரம் சிலாம்பு சிலாம்பாக இருந்தாலோ மொத்தமாக ஒரு செட் மாற்றிவிடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

இதெல்லாம் சரியானாலும் தண்ணீரை நிறுத்தாவிட்டால் திரும்ப அதே நிலைமைதான். எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் ஈரத்தை ஆவியாக வைத்திருக்க முடியும். ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளில் 24 கிராம் இருக்கும். கம்ப்ரஸர் அதை 7 பாருக்கு (வெளிக்காற்றின் 1 பாரும் சேர்த்து மொத்தம் 8) அழுத்தும்போது எட்டில் ஒரு பங்கு இடத்துக்குச் சுருக்குகிறது. அந்தச் சின்ன இடம் மறுபடி 30 டிகிரிக்கு ஆறியபின் 4 கிராமுக்குக் குறைவாகத்தான் வைத்திருக்க முடியும், மிச்சம் 20 கிராம் தண்ணீராக விழும். ஒரே ஒரு கனமீட்டர் காற்றுக்கு இவ்வளவு. கிரைண்டர் ஓட்டும் நாளில் இப்படி எத்தனை கனமீட்டர் போகிறது!

அதனால் வேலை முடிந்ததும் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். கம்ப்ரஸருக்கு ஒட்டியே வாட்டர் ட்ராப் வைப்பதில் பயன் குறைவு, அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் இன்னும் ஆவியாகவே இருக்கும். பைப் லைனில் கொஞ்ச தூரம் ஓடி ஆறிய பிறகு ட்ராப் வையுங்கள். அப்படி வைத்தாலும் துளியாக இருக்கும் தண்ணீரைத்தான் அது பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. மீதியுள்ள ஆவி டூலுக்குள் காற்று விரிந்து குளிரும்போது அங்கேயே தண்ணீராகும். அதனால்தான் வேலை முடிந்து டூலை எடுத்து வைக்கும் முன் இன்னொரு தடவை ஆயில் விடச் சொல்கிறோம். காலையில் விடுவது ஓட்டத்துக்கு, சாயங்காலம் விடுவது துருவுக்கு. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் சாயங்கால ஆயிலைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

டயர்கடை:

இம்பாக்ட் கன்னின் அடிக்கும் பகுதிக்கு நான் சொல்கிறேன், தினமும் பார்ப்பது.

போகாது. காற்றுத் துளையில் விடும் ஆயில் மோட்டாரோடு முடிந்து எக்ஸாஸ்டில் வெளியேறிவிடும். முன்பக்கம் இருக்கும் அடிக்கும் ஹேமர், அடி வாங்கும் ஆன்வில் எல்லாம் தனி அறை. சில கன்களில் அதற்கு கிரீஸ், சில கன்களில் ஆயில். எது என்பதை அந்தக் கன்னின் கையேட்டில் பார்த்தே ஆகவேண்டும், மாற்றிப் போட்டால் அடி பலவீனமாகிவிடும். ஆயிலில் அடிக்க வேண்டிய ஹேமரைக் கெட்டி கிரீஸில் புதைத்தால் அது சேற்றில் ஓடுவது போலத்தான். கிரீஸ் நிப்பிள் இருந்தால் ஒரு அழுத்து, இரண்டு அழுத்து, அவ்வளவுதான், நிரப்பி வழியவிடக் கூடாது. நிப்பிள் இல்லாவிட்டால் முன்மூடியின் நான்கு போல்ட்டைக் கழற்றி, பழைய கறுப்பு கிரீஸைத் துடைத்து, புதிதாகப் பூச வேண்டும். கழற்றும்போது கேஸ்கெட் கிழியாமல் பாருங்கள்.

ராட்செட் தலையும் அப்படித்தான், கொஞ்சம் கிரீஸ். ஆங்கிள் தலை வைத்த கிரைண்டரில் உள்ளே பெவல் கியர் இருக்கும், அதற்கும் கிரீஸ். ஏர் சிசலில் கியர் கிடையாது, சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடி அடிக்கிறது, அதற்கு அந்த 22 அல்லது 32 ஆயிலேதான், ஆனால் சாப்பாடு அதிகம். நீண்ட நேரம் சிசல் ஓட்டினால் நடுநடுவே நிறுத்தி ஆயில் விடுங்கள். பாறை துளைக்கும் பெரிய டிரில்லுக்கு 100, அதற்கும் மேல் என்று கெட்டி ஆயில் சொல்வார்கள், அதைப் பார்த்துவிட்டுச் சின்ன சிசலுக்கும் அதையே விட வேண்டாம்.

பெயின்ட்பூத்:

இங்கே எல்லோரும் ஆயில் விடுவதையே பேசுகிறீர்கள், ஆயில் போகக் கூடாத இடத்தையும் யாராவது சொல்ல வேண்டும். பட்டறைக்குருவி, அதே கம்ப்ரஸரில் ஸ்ப்ரே கன் மாட்டும் எண்ணம் இருந்தால் ஹோஸை இப்போதே தனியாகப் பிரித்துவிடுங்கள். லைனில் ஆயிலர், அதாவது ஓடும் காற்றில் தானாக ஆயில் சொட்டிக் கலக்கும் கருவி, மாட்டி ஓட்டிய ஹோஸின் உள்சுவர் முழுக்க ஆயில் ஊறியிருக்கும், ஆயிலரைக் கழற்றினாலும் அது போகாது. அந்த ஹோஸில் பெயின்ட் அடித்தால் ஈரப் பெயின்டின் மேல் வட்ட வட்டமாகக் குழி விழும், மீன்கண் என்போம். காய்ந்தபின் மணல் தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். மணல் பீய்ச்சுவதற்கும் பிளாஸ்மா கட்டருக்கும்கூட ஆயில் இல்லாத காற்றுதான் வேண்டும். டூல் ஹோஸுக்கு ஒரு நிறம், பெயின்ட் ஹோஸுக்கு வேறு நிறம் என்று வாங்குங்கள், ஹோஸை மாட்டும் இணைப்பான கப்ளரையும் வேறு அளவில் போட்டுவிட்டால் யாரும் மாற்றி மாட்ட முடியாது.

ஆயிலர் வாங்குவதானால் அதன் கிண்ணத்தைக் கவனியுங்கள். கண்ணாடி மாதிரி தெரிவது பெரும்பாலும் பாலிகார்பனேட். மினரல் ஆயிலுக்கு அது தாங்கும். சில சிந்தெடிக் ஆயில்கள், தின்னர், அசிட்டோன் பட்டால் முடி போன்ற கோடுகள் விழுந்து, அழுத்தத்தில் இருக்கும்போதே உடையும். ஃபில்டர் கிண்ணமும் அதேதான். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள், கோடு விழுந்த கிண்ணத்தை மாற்றிவிடுங்கள், இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விடாதீர்கள். கூடுமானவரை உலோகக் காப்பு உள்ளதாக வாங்குங்கள்.

பட்டறைக்குருவி:

பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருக்கிறது, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அப்போ ஆயிலரே வைக்காமல் கையால் சொட்டு விடுவதே எனக்குச் சரி என்று தோன்றுகிறது. எத்தனை சொட்டு, எப்போது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதிகமாகிவிட்டால் கெடுதலா?

ரோட்டார்:

நான்கு டூலுக்கும் ஒரே ஆளுக்கும் கையால் விடுவதே போதும். ஆயிலர் என்பது டூல் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும் இடத்துக்கு. அப்படியே வைத்தாலும் ஃபில்டர், ரெகுலேட்டர், ஆயிலர் என்ற வரிசையில், டூலுக்கு நான்கைந்து மீட்டருக்குள் வைக்க வேண்டும், தூரம் கூடினால் ஆயில் ஹோஸ் சுவரிலேயே படிந்து நின்றுவிடும். 10 முதல் 20 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்றுக்கு நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். அதில் ஆயில் பால் மாதிரி வெளுத்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

கையால் விடும் முறை: ஹோஸை டூலில் மாட்டும் முன் வெறுமனே ஒரு நொடி ஊதவிட்டுத் தேங்கிய தண்ணீரையும் தூசியையும் வெளியேற்றுங்கள். டூலைத் தலைகீழாகப் பிடித்து, துளையில் நான்கைந்து சொட்டு. எக்ஸாஸ்ட் யார் முகத்துக்கும் நேரே இல்லாமல் பார்த்து, பத்து இருபது நொடி பாரமில்லாமல் ஓட்டுங்கள். முதல் சில நொடி ஆயில் தெறிக்கும். டூலுக்கு வரும் அழுத்தம், ஓடிக்கொண்டிருக்கும்போது, 90 பி.எஸ்.ஐ. அதாவது 6.2 பார் என்பது பெரும்பாலான டூல்களின் அளவு, அது குறைந்தால் ஆயில் எவ்வளவு நல்லதானாலும் கன் சோம்பலாகத்தான் அடிக்கும். ஹோஸ் உள்விட்டம் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். தொடர்ந்து ஓட்டுகிற நாளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி சொட்டு விடுங்கள். சாயங்காலம் மில்லிங் சொன்ன மாதிரி இன்னொரு தடவை விட்டு, சில நொடி ஓட்டிவிட்டு அலமாரியில் வையுங்கள்.

அதிகமானால் டூல் உடைந்துவிடாது, ஆனால் தேவையில்லாமல் புகையும், கைப்பிடி வழுக்கும், தூசி ஒட்டும். அளவு தெரிந்துகொள்ள எக்ஸாஸ்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஆயில் விட்டுச் சில நிமிடம் வேலை பார்த்த பிறகு பிடிக்க வேண்டும், உடனே பிடித்தால் கணக்குத் தப்பாகும். தாள் காய்ந்தே இருந்தால் போதவில்லை, மெலிதாக மங்கினால் சரி, துளி துளியாக விழுந்தால் அடுத்த தடவை இரண்டு சொட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டயர்கடை:

இன்னும் ஒன்று. இம்பாக்ட் கன்னில் கப்ளரை நேராக மாட்டாமல் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு சின்ன ஹோஸ் போட்டு அதன் முனையில் கப்ளரை வையுங்கள். கன் அதிர்வதில் கப்ளர் சீக்கிரம் தேய்ந்து கசிய ஆரம்பிக்கும், சின்ன ஹோஸ் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஆனால் அப்படிப் போட்டால் ஆயிலை அந்தச் சின்ன ஹோஸின் வாயில் விட வேண்டியிருக்கும், அதனால் ஓரிரு சொட்டு கூடுதலாக விட்டு ஹோஸைத் தூக்கிப் பிடித்து ஆயில் டூல்வரை இறங்கவிட்டபின் காற்றை மாட்டுங்கள்.